முதலில் கண்டவர் கடன்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்டவர்கள் நம் முன்னோர். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. வேலேந்தி வந்த பகையை எதிர்த்து நின்றவன் வீரன் என்பதில் எவர்க்கும் ஐயம் எழுந்ததில்லை. ஆனால் கால்நடைக்கு வரும் பகை எப்போதும் வேலேந்தி வருவதன்று. ஒரு மாட்டின் வாயில் ஒழுகும் நுரையாகவோ, ஒரு கோழியின் கொண்டையில் படரும் நீலமாகவோ, ஒரு பன்றியின் காதில் தோன்றும் செம்மையாகவோ அது வந்து நிற்கும். அதனை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தொழுவம் கூட்டும் பெண். தீவனம் வைக்கும் ஆள். நான்கு ஆடுகளைக் கொண்டு காலம் தள்ளும் ஏழை. அவர் கண்டதைச் சொன்னால் நாட்டின் கால்நடைகள் பிழைக்கும். சொன்னவரின் கால்நடைகள் அழியும். இந்நிலையில் சொல்வது அவர் கடமையா? கடமை எனின், அதனால் பயன் பெறும் நாம் அவர்க்குக் கடன்பட்டவர் அல்லமா? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. முதல் வினாவை மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடுவதே உலக வழக்கமாக இருந்து வருகிறது.

சென்னையிலிருந்து நவஜீவன் விரைவுவண்டியில் அகமதாபாத் செல்லும் நம்மவர், நந்துர்பாருக்கும் சூரத்துக்கும் இடையே நவாப்பூர் என்ற சிறு நிலையத்தைக் கடந்திருப்பர். நிலையத்தின் ஒரு பாதி மராட்டியத்தில், மறு பாதி குஜராத்தில் என்பதால் அதனை வேடிக்கையாகச் சுட்டிக் காட்டுவார் உண்டு. அவ்வூர்தான் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாடு முழுவதும் பேசப்பட்டது. எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் இந்திய மண்ணில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது அங்கேதான். போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் மாதிரிகளைச் சோதித்தது. 18-ஆம் நாள் செய்தி வெளியாயிற்று. ஆனால் கோழிகள் மடியத் தொடங்கியது அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே. அதுவரை அது ராணிக்கெட் நோய் என்றே கருதப்பட்டு வந்தது.

ராணிக்கெட் என்பது இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். வெள்ளைக்கழிச்சல் என்று நம் கிராமங்களில் சொல்லப்படும் கோழி நோய்க்கு இந்தியாவில் அவ்வூர்ப் பெயரே நிலைத்துவிட்டது. (ஓர் ஊரின் பெயரை நோய்க்கு இட்டுவிட்டால் அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அதனைச் சுமக்க வேண்டியதுதான்.) வெள்ளைக்கழிச்சலும் கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும், மூச்சுத் திணறலும் தரும், முட்டையையும் நிறுத்தும். பறவைக் காய்ச்சலில் கொண்டையும் தாடையும் வீங்கி நீலம் பாய்வதும், காலில் இரத்தக் கசிவு தெரிவதும், நோய் வெளிப்படாமலே இரவோடு இரவாகக் கூண்டு முழுதும் மடிந்து கிடப்பதும் உண்டு. எனினும் வெறுங்கண் கொண்டு இரண்டையும் பிரித்துவிட இயலாது என்றே மருத்துவ நூலோர் சொல்கின்றனர்.

அங்கிருந்த பண்ணையாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கம் அன்று. மனித மனத்தின் இயல்பு ஒன்றையே இங்கு நாம் எண்ணிப் பார்க்கிறோம். பழகிய துன்பத்தின் பெயரைப் புதிய துன்பத்திற்குச் சூட்டிவிட்டால் மனம் சற்று ஆறுகிறது. வீட்டில் ஒருவர்க்கு நெஞ்சு வலித்தால் வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களே நாமும். அது பொய் அன்று. பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. உண்மையாக இருக்கக் கூடியது, பலமுறை உண்மையாக இருந்தது என்பதால்தான் அது நம்மை உறங்க வைக்கிறது. அறியாமை ஒன்று, அறிய விரும்பாமை வேறொன்று. முன்னதற்கு எவரையும் பழிக்க இயலாது. பின்னதோ, தடுப்பூசி போட்ட கோழியும் சாகிறதே, நேற்றுச் செத்ததைவிட இன்று பன்மடங்கு சாகிறதே என்று கண் சொல்வதை வாய் சொல்லாமல் அடக்கும் நிலை. ஒன்று மற்றொன்றாக மாறும் நாள் எது என்பதைச் செத்த கோழியை எண்ணுபவரே அறிவார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 2009-இல் நம் நாடாளுமன்றம் விலங்குகளின் தொற்று நோய்களைத் தடுப்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. பட்டியலில் உள்ள நோய் தம் விலங்கைத் தாக்கியிருப்பதாக நம்புவதற்குக் காரணம் இருப்பின், உடையவர் அதனைக் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ சொல்ல வேண்டும் என்கிறது அது. நோயை அறிந்து சொல் என்று சட்டம் கேட்கவில்லை. ஐயத்தைச் சொல் என்றே கேட்கிறது. அறநோக்கிலும் இது சரியே. அறிவு போபாலில் இருக்கிறது. ஐயம் தொழுவத்தில் இருக்கிறது. ஐயம் வந்து சேராவிடில் போபாலின் அறிவுக்கு வேலை இல்லை. நூற்றில் தொண்ணூறு முறை அந்த ஐயம் வீணாகவே போகலாம். வீணாய்ப் போன ஐயத்தைச் சொன்னவரைப் பார்த்து ஊர் நகைக்குமாயின், நூறாவது முறை அவர் வாய் திறவார்.

சொன்னவர்க்கு நேர்வது என்ன? இத்தகைய நோய்க்கு மருந்து இல்லை. எனவே நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதனுள் இருக்கும் பறவைகளை எல்லாம் கொன்று புதைப்பதே வழியாகக் கொள்ளப்பட்டது. வட்டத்துள் அடுத்த வீட்டானின் கோழியும் உண்டு. தும்மல்கூடக் காணாத கோழியும் உண்டு. ஆதலின் உண்மை சொன்னவர் தம் செல்வத்தை இழப்பதோடு அண்டை அயலாரின் பகையையும் தேடிக் கொள்கிறார். தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வகுத்தவர் வள்ளுவர். இங்கோ, சொன்னால் அண்டை வீட்டார்க்கு இன்றே தீங்கு. சொல்லாவிடில் முகமறியாத பல்லாயிரவர்க்கு நாளை தீங்கு. கண்ணெதிரே நிற்கும் அண்டை வீட்டுக் கிழவியின் அழுகைக்கும், எங்கோ இருக்கும் பண்ணைகளின் நலத்திற்கும் இடையே ஒருவரை நிறுத்திவிட்டு, அறம் எது என்று நாம் மேடையிலிருந்து சொல்லிவிடலாம். அவர் இடத்தில் நின்று சொல்வது அத்துணை எளிதன்று.

2008 சனவரியில் வங்காளத்தில் இது கண்கூடாயிற்று. பீர்பூம் மாவட்டத்திலும் தென் தினாஜ்பூரிலும் தொடங்கிய பறவைக் காய்ச்சல் மாவட்டம் மாவட்டமாகப் பரவி, ஏறத்தாழ 40 இலட்சம் பறவைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. நவாப்பூரில் இருந்தவை பெரும் பண்ணைகள். வங்காளத்தில் இருந்தவையோ வீட்டுப் புறக்கடைக் கோழிகளும் வாத்துகளும். பெண்கள் கையில் புழங்கும் சிறு காசு அவற்றிலிருந்தே வந்தது. பிள்ளைக்குப் பலகை வாங்கவும், காய்ச்சல் கண்டால் மருந்து வாங்கவும் ஒரு கோழியை விற்பது அங்கும் வழக்கம்; நம் ஊரிலும் வழக்கம். கொல்ல வந்தவர்களைக் கண்டு மக்கள் பறவைகளை வீட்டினுள் ஒளித்தனர். ஒளித்தது சட்டப்படி குற்றம், உடல்நலத்திற்கும் கேடு. ஆயினும் அந்தப் பெண்களைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லையா என்று கேட்க நமக்கு நா எழவில்லை.

ஏழைமையே மறைப்புக்குக் காரணம் என்று முடித்துவிடலாகாது. கோமாரி என்றும் காணை என்றும் நம் ஊர்களில் வழங்கும் நோய் 2001-இல் பிரித்தானியாவில் புகுந்தது. பிப்ரவரி 20-ஆம் நாள் அது உறுதியானபோதே பல பண்ணைகளுக்குப் பரவிவிட்டிருந்தது. வடபகுதியில் உணவகக் கழிவை ஒழுங்காகக் காய்ச்சாமல் பன்றிகளுக்கு இட்ட ஒரு பண்ணையிலிருந்து அது கிளம்பியது என்று அறிந்தனர்; நோயை அறிவிக்கவில்லை என்று அப்பண்ணையாளர் மீது குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குள் ஆட்டுச் சந்தைகளின் வழியே நோய் நாடெங்கும் போய்விட்டது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நோயற்றவை. நாட்டிற்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 800 கோடி பவுன் எனக் கணக்கிட்டனர். வயல்வெளியில் அடுக்கி எரித்த மாடுகளின் கால்கள் வானை நோக்கி நீட்டிக் கொண்டிருந்த படங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர் மறந்திருக்க மாட்டார்கள். சட்டமும் இழப்பீடும் மருத்துவரும் நிறைந்த நாட்டில் நிகழ்ந்தது இது.

அதே நாட்டில் அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1714-இல் இலண்டனைச் சூழ்ந்த பால் பண்ணைகளில் வெக்கை நோய் தோன்றியது. ஐரோப்பாவெங்கும் மாடுகளை மாய்த்து வந்த கொள்ளை நோய் அது. தாமஸ் பேட்ஸ் என்ற அரண்மனை அறுவை மருத்துவர் வழி தேடும்படி பணிக்கப்பட்டார். நோயுற்ற மாட்டைக் கொன்றுவிட வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. கொன்ற மாட்டிற்கு உடையவர்க்குப் பணம் தர வேண்டும் என்றார். மாட்டைப் பற்றி மட்டும் எண்ணாமல் மாட்டுக்காரரின் மனத்தைப் பற்றியும் எண்ணிய மருத்துவர் அவர். பணம் உறுதி என்று ஆனதும் மறைத்தவர்கள் வெளியே வந்தனர். சில திங்களில் நோய் அடங்கியது. அக்கரையில் ஆலந்து முதலிய நாடுகளிலோ அது ஆண்டுக் கணக்கில் நீடித்தது. நுண்ணுயிர் என்ற ஒன்றை எவரும் அறியாத காலம் அது. நோயின் காரணத்தை அறியாமலே நோயை வெல்ல முடிந்தது.

இழப்பீடு என்பதைப் பலர் இரக்கத்தின் பாற்பட்டதாகக் கருதுகின்றனர். வெள்ளம் வந்தவர்க்கு வேட்டி கொடுப்பது போன்றது என்பது அவர் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. வெள்ளத்தில் இழந்தவர் நமக்கென எதையும் இழக்கவில்லை; கோழியைக் கொல்லக் கொடுத்தவர் நமக்காகவே கொடுத்தார். அவருக்கு உரிய பணம் கடன், கொடை அன்று. கடனுக்கு உரிய இலக்கணம் அதற்கும் பொருந்தும்: அளவு குறையலாகாது, காலம் தாழ்த்தலாகாது, கேட்பவரைக் கெஞ்ச வைக்கலாகாது. அளவில் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புகிறோம். சந்தை விலையினும் மிகக் குறைந்தால் மக்கள் மறைப்பர்; மிகக் கூடினால் நோயை விலைக்கு வாங்கும் மனிதரும் தோன்றுவர். நம் நாட்டில் உயிரோடு இருந்து கொல்லப்பட்ட பறவைக்கே இழப்பீடு. நோயால் முன்பே செத்துப் போனதற்கு இல்லை. கேட்டவுடன் இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் விரைந்து சொன்னவர்க்கு மிகுதியும், தாழ்த்திச் சொன்னவர்க்குக் குறைவும் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு அது. பணம் கைக்கு வரும் நாளும் அதே விரைவில் இருக்குமானால் இதனை நல்ல ஏற்பாடு என்றே சொல்லலாம். எந்தக் கணக்கிலும் அடங்காத இழப்பு வேறு இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும் பசுவுக்கு விலை எழுதத் தெரிந்த அலுவலர் எங்கும் இல்லை.

நோயற்ற உயிரையும் கொல்வது அறமா என்று வள்ளலார் வழி வந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. ஒன்றைக் கொன்று பத்தைக் காப்பது கணக்கில் சரியாகலாம். கொல்லப்படும் ஒன்று அந்தக் கணக்கிற்கு உடன்பட்டதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பல நாடுகளைக் கடந்து 2019-இல் ஒடிசாவில் காணப்பட்ட தோல் கழலை நோய், 2022-இல் குஜராத்திலும் இராசத்தானத்திலும் பெருகி, நாட்டில் ஒன்றரை இலட்சம் அளவில் மாடுகளை மாய்த்தது. அங்கு மாடுகளைக் கொல்லவில்லை. ஆட்டம்மைத் தடுப்பூசியையும் தனிமைப்படுத்தலையுமே நம்பினோம். கோழிக்கு ஒரு நீதி, பசுவுக்கு ஒரு நீதியா என்று ஒருவர் வினவினால், அதற்கு அறிவியல் விடையும் சமய விடையும் கலந்தே கிடைக்கும். தூய விடை நம்மிடம் இல்லை. கொல்லாமல் விடும் வழி உள்ள இடத்தில் அதனைத் தேடுவதும், கொன்றே தீர வேண்டிய இடத்தில் துன்பமின்றிக் கொல்வதும், கொன்றதை வெற்றி என்று பேசாமல் இருப்பதும் நம்மால் இயன்றவை.

இந்நோய்களை அயல்நாட்டு நோய்கள் என்று வழங்குகின்றனர். புதிய நோய்க்கு மந்தையில் எதிர்ப்பு இராது. மருத்துவர் கண்ணுக்கும் அது பழகியிராது. ஆகவே அப்பெயரில் நடைமுறைப் பயன் உண்டு. ஆயினும் பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நமக்கு அச்சொல் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஊரில் ஒரு கேடு வந்தால் வெளியிலிருந்து வந்தவனை நோக்கி விரல் நீள்வதை நாம் அறிவோம். உண்மையில் அயல் என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பிரித்தானியாவை உலுக்கிய கோமாரி நம் ஊரில் பழைய குடித்தனக்காரர். 1887-இல் ஆப்பிரிக்காவின் மசாவா துறைமுகத்தில் வெக்கை நோயை இறக்கியவை இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை எனக் கருதப்படும் மாடுகள்; பத்தே ஆண்டுகளில் அது தென்கோடி வரை சென்று அக்கண்டத்தின் மந்தைகளைத் துடைத்தது; எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம் விளைந்தது. 1920-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் அந்நோய் பரவியதும் பிரேசிலுக்குப் போய்க் கொண்டிருந்த நம் நாட்டுத் திமில் மாடுகளால்தான். அந்த அதிர்ச்சியே 1924-இல் பாரிசில் 28 நாடுகளை ஒன்றுகூட்டி, விலங்கு நோய்க்கென ஓர் உலக அமைப்பை உண்டாக்கியது. தன் நாட்டில் நோய் கண்டால் பிற நாடுகளுக்குச் சொல்வது என்பதே அவ்வுடன்பாட்டின் உயிர். நாடுகளும் பண்ணையாரைப் போன்றவையே. சொன்னால் ஏற்றுமதி நிற்கும் என்று தயங்கி, பழகிய நோயின் பெயரைச் சூட்டிக் காத்திருக்கும் நாடுகளும் உண்டு.

சொல்வதால் என்ன பயன் என்று மனம் சோரும்போது வெக்கை நோயின் முடிவை எண்ணிப் பார்க்கலாம். 1954-இல் இந்தியா அதனை ஒழிக்கத் திட்டம் வகுத்தது. பல பத்தாண்டுகள் தடுப்பூசி இட்டனர். ஆனால் ஒழிந்துவிட்டது என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின் ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, எங்கேனும் தலை தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். துணிவு வேண்டிய செயல் அது. ஊர் ஊராகவும், மந்தைகள் நடக்கும் வழி வழியாகவும் சென்று, வாயில் புண்ணும் கண்ணில் நீரும் கழிச்சலுமாக மாடு கண்டீர்களா என்று கேட்டார்கள். இடையர் சொல்லையும் உழவர் சொல்லையும் நம்பியே அந்தத் தேடல் நடந்தது. 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவித்தனர். மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து மண்ணை விட்டே அகற்றப்பட்ட நோய் அது ஒன்றே. அதற்கு எங்கும் நடுகல் இல்லை. ஊசி போட்டவர் பெயரும் நமக்குத் தெரியாது. மறைக்காமல் சொன்னவர் பெயரும் தெரியாது.

கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை ஒருதலைப் பட்சமாகிவிடும். நவாப்பூர் செய்தி வந்த அன்றிலிருந்து நம் நகரங்களில் கோழியையும் முட்டையையும் வாங்குவார் அருகினர். நோயின் சுவடே இல்லாத நாமக்கல்லில் முட்டை தேங்கி விலை சரிந்தது. 70 பாகை வெப்பத்தில் நன்கு வெந்த இறைச்சியில் அந்த நச்சுயிர் நிலைக்காது. நம் வீட்டுக் குழம்போ அதனினும் மிகக் கொதிப்பது. அச்சம் நம்மைத் தடுத்தது. அச்சத்தின் விலையை வேறொருவர் செலுத்தினார். அடுத்த முறை ஐயுறும் பண்ணையார் இவற்றை எல்லாம் நினைவில் கொண்டே வாய் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார். அவருடைய மௌனத்தில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகின்றன. திரும்பி வந்தபின் ஊரை நாம் தொலைபேசியில்தான் காண்கிறோம். மழை பெய்ததா, உடம்பு எப்படி, யார் வீட்டில் திருமணம் என்பதற்கு இடையில், மூன்று கோழி சுருண்டு விழுந்துவிட்டது என்று அப்பத்தா சொல்வார். போனால் போகிறது, வேறு வாங்கிக் கொள்ளலாம் என்று நாம் பேச்சை மாற்றிவிடுகிறோம். அந்த இடத்தில் சற்று நிற்கலாம். எத்தனை நாளாக, ஊசி போட்டிருந்ததா, பக்கத்து வீட்டிலும் சாகிறதா என்று கேட்கலாம். செத்ததைக் கையால் தொட வேண்டாம், வாய்க்காலில் எறிய வேண்டாம் என்று சொல்லலாம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணையும் சொல்லி, "நீங்கள் கூப்பிடத் தயங்கினால் நானே கால்நடை மருத்துவரிடம் பேசுகிறேன் அப்பத்தா, ஊரில் யாரும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று கூறலாம். இறுதியில் சொன்ன அந்த உறுதியைக் காப்பாற்ற நம்மால் முடியுமா என்பதை நாம்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.